கால் உடைந்த காலத்தில் படித்த மூன்று புத்தகங்கள்

போன ஐப்பசியில், மழையில் பாசி பிடித்திருந்த மொட்டைமாடிப் படியில் காயப்போட்ட துணியை எடுக்க ஓடி, சறுக்கி விழுந்து, வலது கணுக்காலை இரண்டு இடத்தில் உடைத்துக்கொண்டேன். பிளேட் வைத்துத் தைத்து, எட்டு வாரத்துக்குக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவந்தார்கள், அது வழக்கம்தான், ஆனால் நான் படிக்கிற ஆள் என்று தெரிந்தவர்கள் கூடவே புத்தகமும் கொண்டுவந்துவிட்டார்கள். அக்கா மகன் மட்டும் நான்கு. எல்லாம் ஒரே ரகம். அட்டையில் மலை உச்சியில் ஒருவன் கையை விரித்துக்கொண்டு நிற்பான், உள்ளே எடிசன் பல்பு செய்த கதை இருக்கும், எல்லாரும் கடைசிப் பக்கத்துக்கு முன்னாலேயே ஜெயித்துவிடுவார்கள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரைக்கும் நொண்டிப் போய்த் திரும்புவதற்குள் வேர்த்துக் கொட்டுகிற ஆளுக்கு, முயன்றால் முடியாதது இல்லை என்று படித்தால் கோபம்தான் வருகிறது.

சரி, விடாமுயற்சியைப் பற்றித்தான் படிக்க வேண்டுமென்றால் முடிக்க முடியாமல் போனவர்களைப் படிப்போம் என்று உட்கார்ந்தேன் (படுத்தேன் என்பதே சரி). மூன்று புத்தகம் தேறியது. ஒன்று உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. இரண்டாவது ஆப்ஸ்லி செர்ரி-கரார்ட் 1922இல் எழுதிய 'தி வொர்ஸ்ட் ஜர்னி இன் தி வேர்ல்டு', தென் துருவத்துக்குப் போன ஸ்காட் குழுவின் கதை. மூன்றாவது பால் கலாநிதியின் 'வென் பிரெத் பிகம்ஸ் ஏர்', இது 2016இல் வந்தது. மூன்றும் நடந்த கதை. மூன்றிலும் யாரோ எதையோ முடிக்காமல் போய்விடுகிறார்கள்.

'என் சரித்திரம்' கனமான புத்தகம், மல்லாந்து படுத்துக்கொண்டு நெஞ்சில் வைத்துப் படிக்க முடியாது. அதனால் பகலில் மடியில் ஒரு தலையணையைப் போட்டு அதன்மேல் வைத்து ஐயரைப் படித்தேன். ராத்திரி வலி வந்து தூக்கம் கெடுகிற நேரத்தில் போனில் செர்ரி-கரார்டைப் படித்தேன். பகலெல்லாம் அரியலூர், மாயூரம், கும்பகோணம் என்று வெயிலில் நடை, ராத்திரியானால் பனிக்கட்டி. இப்படி மாற்றி மாற்றிப் படித்ததால்தானோ என்னவோ, எனக்கு இரண்டும் ஒரே ஆளுடைய கதை மாதிரி ஆகிவிட்டது.

முதலில் கலாநிதியை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதை ஒரே நாளில் முடித்துவிட்டேன். தென்னிந்தியாவிலிருந்து அமெரிக்கா போன பெற்றோரின் பிள்ளை, அரிசோனாவில் கிங்மன் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். ஸ்டான்ஃபோர்டில் ஆங்கில இலக்கியமும் உயிரியலும் படித்து, அப்புறம் மருத்துவத்துக்கு வந்து, மூளை அறுவை சிகிச்சைப் பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருக்கும்போது, 2013இல், நுரையீரல் புற்றுநோய் நான்காம் நிலையில் இருப்பது தெரிகிறது. 2015 மார்ச்சில் 37 வயதில் இறந்துபோகிறார். புத்தகம் அதற்கு அடுத்த ஜனவரியில்தான் வெளிவந்தது. (இலங்கையில் முனைவர் பட்டம் வாங்கியவர்களைக் கலாநிதி என்றுதான் சொல்வார்கள். பிறக்கும்போதே பெயரோடு பட்டம் வாங்கிவந்த ஆள்.)

எல்லாரும் இந்தப் புத்தகத்தைப் படித்து அழுததாகச் சொல்வார்கள். எனக்கு முதல் பாதியில் அழுகை வரவில்லை, கொஞ்சம் அலுப்புதான் வந்தது. ஒவ்வொரு அனுபவத்துக்கும் ஒரு இலக்கிய மேற்கோள் தயாராக இருக்கிறது, வாக்கியங்கள் எல்லாம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி. ஆனால் ஒரு இடம் இருக்கிறது, அதற்காகவே வாங்கலாம். எனக்கு மிச்சம் எவ்வளவு காலம் என்று சொல்லுங்கள், மூன்று மாதம் என்றால் குடும்பத்தோடு இருப்பேன், ஒரு வருஷம் என்றால் புத்தகம் எழுதுவேன், பத்து வருஷம் என்றால் திரும்ப வேலைக்கே போவேன் என்று மருத்துவரைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்கிறார். அந்த அம்மா எண் சொல்ல மறுக்கிறார். உங்களுக்கு எது முக்கியம் என்பதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்கிறார். தன் நோயாளிகளிடம் தானும் எண் சொல்லாமல் நழுவியவர்தான் இவர். இப்போது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு கேட்கிறார். அங்கே மட்டும் இஸ்திரி கலைந்துவிடுகிறது.

மருந்து கொஞ்ச நாள் வேலை செய்கிறது, அந்த இடைவெளியில் ஆபரேஷன் தியேட்டருக்கே திரும்பிப் போகிறார். மறுபடி கட்டி வருகிறது. 2014 ஜூலையில் மகள் பிறக்கிறாள். எழுத்து பாதியிலேயே நின்றுபோகிறது. முடிவுரையை மனைவி லூசி எழுதியிருக்கிறார், அவரும் மருத்துவர். இந்தப் புத்தகம் ஒருவகையில் முற்றுப்பெறாததுதான் என்று அவரே சொல்லிவிடுகிறார். புத்தகத்திலேயே நன்றாக இருப்பது அந்த முடிவுரைதான் என்று சொன்னால் கலாநிதியின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். அவர் எதையும் அழகாகச் சொல்ல முயலவில்லை, என்ன நடந்தது, யார் எங்கே நின்றார்கள், எத்தனை மணிக்கு என்று சொல்லிக்கொண்டு போகிறார். அது போதுமாக இருக்கிறது.

இனி செர்ரி. இந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பணக்கார வீட்டுப் பையன், கண்ணாடி இல்லாவிட்டால் எதிரில் இருப்பது தெரியாது, துருவத்தில் கண்ணாடி போட்டால் மூச்சுக்காற்று பட்டு உறைந்துவிடும். ஸ்காட்டின் பயணச் செலவுக்கு 1,000 பவுண்டு கொடுத்துவிட்டுச் சேர்ந்துகொண்டார். தலைப்பைப் பார்த்து, அந்த மகா மோசமான பயணம் என்பது ஸ்காட் துருவத்துக்குப் போய் இறந்தது என்றுதான் நானும் நினைத்தேன். அது இல்லை. அதற்கு முன்னால், 1911 ஜூன் கடைசியில், அங்கே நடுக் குளிர்காலத்தில், இருபத்து நாலு மணி நேரமும் இருட்டாக இருக்கும்போது மூன்று பேர் ஸ்லெட்ஜ் வண்டியை இழுத்துக்கொண்டு நூறு கிலோமீட்டருக்கு மேல் போனார்கள். எதற்கு? முட்டைக்கு. பேரரசப் பெங்குவின் குளிர்காலத்தில்தான் முட்டையிடும். அந்தக் கருவை வெட்டிப் பார்த்தால் ஊர்வனவற்றிலிருந்து பறவை எப்படி வந்தது என்பது தெரியும் என்று அன்றைக்கு ஒரு நம்பிக்கை இருந்தது.

குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 60 டிகிரியைத் தாண்டுகிறது. ஒருநாள் காலை கூடாரத்தைவிட்டு வெளியே வந்து சுற்றிப் பார்க்க நிமிர்ந்தவருக்கு, நிமிர்ந்த நிலையிலேயே உடுப்பு உறைந்துவிடுகிறது, தலையைக் குனிய முடியாமல் அப்படியே மணிக்கணக்கில் வண்டி இழுக்கிறார். அதற்கப்புறம் மூன்று பேரும், உறைவதற்குள் வண்டி இழுக்கிற வாகில் குனிந்து நின்றுகொள்வது என்று பழகிக்கொள்கிறார்கள். தூங்கும் பைக்குள் வியர்வையும் மூச்சும் ஐஸாகி, ஒவ்வொரு ராத்திரியும் அதற்குள் உடம்பை நுழைப்பதே ஒரு வேலை. நடுக்கத்தில் பல் உடைந்து போகிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் காலில் குத்துகிற வலியோடு இதைப் படித்தால், போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, சரி நமக்கு ஃபேனாவது ஓடுகிறது என்று இருக்கும்.

பெங்குவின் இருக்குமிடத்துக்குப் போய்ச் சேரப் பத்தொன்பது நாள். ஐந்து முட்டை எடுக்கிறார்கள், கழுத்தில் தொங்கும் கையுறைக்குள் செர்ரி வைத்திருந்த இரண்டு உடைந்துபோகிறது. கல்லடுக்கிக் கட்டிய குடிலின் கூரை புயலில் பிய்த்துக்கொண்டு போகிறது, அதற்கு முன்பே கூடாரமும் பறந்துவிட்டது. கூடாரம் இல்லாமல் திரும்ப முடியாது. பைக்குள் படுத்துக்கொண்டு, மேலே பனி விழ விழ, பாட்டுப் பாடுகிறார்கள். புயல் ஓய்ந்ததும் தேடிப் போனால், அரை மைல் தள்ளிக் கூடாரம் கிட்டத்தட்ட முழுசாகக் கிடக்கிறது. ஐந்து வாரம் கழித்து மூன்று முட்டையோடு வந்து சேருகிறார்கள். உடுப்பை வெட்டித்தான் எடுத்தார்களாம்.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம். கூடப் போன வில்சனும் பவர்ஸும் அடுத்த வருஷமே ஸ்காட்டோடு இறந்துபோகிறார்கள். செர்ரி மட்டும் 1913இல் அந்த முட்டைகளை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோகிறார். இங்கே என்ன முட்டைக் கடையா என்கிற தோரணையில் பேசுகிறார்கள். சரி, வாங்கிக்கொண்டதற்கு ஒரு ரசீது கொடுங்கள் என்று கேட்டுவிட்டு வராந்தாவில் காத்துக்கிடக்கிறார். தாலுகா ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் இந்த இடம் புரியும். பல வருஷம் கழித்து, 1934இல், ஆராய்ச்சி முடிவு வந்தபோது அந்தக் கருக்களால் பெரிதாக எதுவும் தெரியவில்லை. அந்தக் கொள்கையே அதற்குள் பழசாகிவிட்டிருந்தது.

இன்னொன்றும் உண்டு. 1912 மார்ச் முதல் வாரத்தில் 'ஒன் டன்' கிடங்கு என்ற இடத்தில் உணவோடும் நாய் வண்டியோடும் ஸ்காட் குழுவுக்காகச் செர்ரி காத்திருந்தார். நாய்களை ஆபத்தில் விடக் கூடாது என்று உத்தரவு, பாதி நாள் புயல், கண் வேறு தெரியாது. ஆறு நாள் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். நவம்பரில் தேடிப் போனபோது, அந்தக் கிடங்குக்குப் 11 மைல் முன்னால் கூடாரத்தில் ஸ்காட், வில்சன், பவர்ஸ் மூன்று பேரும் செத்துக் கிடந்தார்கள். தேடிப்போன கூட்டத்தில் செர்ரியும் இருந்தார். 1959 வரைக்கும் உயிரோடு இருந்தார், அந்தப் 11 மைலைவிட்டு அவர் கடைசிவரை வெளியே வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நான் இன்னும் நாலு நாள் காத்திருந்தால், நான் இன்னும் தெற்கே போயிருந்தால் என்று புத்தகத்தில் எத்தனை இடத்தில் கணக்குப் போடுகிறார் பாருங்கள்.

செத்தவர்கள் பக்கத்தில் பதினாறு கிலோ கல் கிடந்தது. பசியில், உறைந்த காலோடு, கடைசிவரை இழுத்துவந்திருக்கிறார்கள். அதில் குளோசாப்டெரிஸ் என்ற செடியின் படிவம் இருந்தது. அதே செடியின் படிவம் இந்திய நிலக்கரிப் படுகைகளிலும் கிடைக்கிறது, இரண்டு நிலமும் ஒருகாலத்தில் ஒட்டியிருந்தன என்பதற்கு அது ஒரு சாட்சி. முட்டையால் ஆகாத காரியம் கல்லால் ஆயிற்று. எது பயன்படும் என்று இழுக்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

குறை சொல்ல வேண்டுமென்றால், புத்தகம் நீளம். கப்பல் பயணமும் மட்டக்குதிரைகளின் பாடும் மற்றவர்கள் டைரியிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துப் போட்டதும் என்னைச் சோதித்தன. நடுவில் எண்பது பக்கம் தள்ளிவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். குளிர்காலப் பயண அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படித்தாலும் தப்பில்லை. காப்புரிமை தீர்ந்த நூல், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

சரி, ஐயருக்கு வருகிறேன்.

'என் சரித்திரம்' பற்றி எல்லாருக்கும் தெரிந்த கதை ஏடு தேடிய கதைதான், பள்ளிக்கூடப் பாடத்தில் வந்துவிடும். ஆனால் அந்தக் கதை தொடங்கவே பாதிப் புத்தகம் ஆகிவிடுகிறது. முதல் பாதி முழுக்க ஒரு பையனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்க ஆள் தேடி ஓர் அப்பா ஊர் ஊராக அலைவதுதான். அப்பா வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர், இராமாயணக் கதை சொல்லிக் கிடைக்கிறதை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர். பையனுக்குத் தமிழ்ப் பைத்தியம். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் என்று ஒருவரிடம் இருப்பது தீர்ந்ததும் அடுத்தவரிடம் கூட்டிப்போகிறார். குன்னம் எங்கள் ஊர்ப் பக்கம். எனக்கு அது இத்தனை நாளும் பஸ் நின்று டீ குடிக்கிற இடம், அவ்வளவுதான். ஒரு நூலைப் பாடம் கேட்பதற்காக ஒரு குடும்பமே சட்டி பானையோடு அந்த ஊருக்குக் குடிபோயிருக்கிறது என்று படித்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

அப்புறம் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இங்கேதான் புத்தகம் சூடு பிடிக்கிறது, என் பிரதி காலை வாரியதும் இங்கேதான். இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நான் வாங்கியது ஒரு மலிவுப் பதிப்பு, இணையத்தில் தள்ளுபடி விலையில். தாள் பழுப்பு, எழுத்து பொடி, அதெல்லாம் பரவாயில்லை, கொடுத்த காசுக்கு அவ்வளவுதான். பிள்ளையவர்களுக்கு உடம்பு சரியில்லாமல் போகிறது, சிஷ்யர்கள் எல்லாரும் கவலையாக இருக்கிறார்கள், அடுத்த பக்கம் திருப்பினால் பிள்ளையவர்கள் காலமாகி நாளாகிவிட்டது. என்னடா இது என்று பக்க எண்ணைப் பார்த்தால் பதினாறு பக்கம் இல்லை. ஒரு பாரம் (ஒன்றாக அச்சடித்து மடித்துத் தைக்கிற பதினாறு பக்கக் கட்டு) அப்படியே விட்டுப்போயிருக்கிறது, அதற்குப் பதிலாக முந்தின பாரமே இரண்டு தடவை தைக்கப்பட்டிருக்கிறது. ஏட்டில் விட்டுப்போன வரிகளைத் தேடி வாழ்நாள் முழுக்க அலைந்த மனுஷனுடைய புத்தகத்தில்.

விற்றவர்களுக்கு எழுதினேன். புத்தகத்தை அனுப்பிவிட்டால் பணம் தருகிறோம், வேறு பிரதி தர முடியாது, கையிருப்பு இல்லை என்றார்கள். காலைத் தூக்கித் தலையணையில் வைத்திருப்பவன் கூரியர் ஆபீஸுக்கு எங்கே போவது? நல்லவேளை, 'என் சரித்திரம்' இணையத்தில் முழுசாகவே இருக்கிறது, அந்தப் பதினாறு பக்கத்தைப் போனில் தேடிப் படித்தேன். 1876 பிப்ரவரி 1. திருவாவடுதுறை. சவேரிநாத பிள்ளை என்ற கிறிஸ்தவ மாணவர் ஆசிரியரைத் தம் மார்பில் சாய்த்துக்கொண்டிருக்கிறார், சாமிநாதன் திருவாசகத்தில் அடைக்கலப் பத்தைப் படிக்கிறார். அப்படிப் படித்துக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிகிறது. கலாநிதி இந்தக் காட்சியை எழுதியிருந்தால் மூன்று பக்கம் தத்துவம் வந்திருக்கும். ஐயர் அறுபது வருஷத்துக்கு மேல் கழித்து எழுதுகிறார், யார் எங்கே இருந்தார்கள், எதைப் படித்தேன், எப்போது கண் மூடினார் என்று மட்டும். லூசி கலாநிதி எழுதினாரே, அதே மாதிரி.

பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி அந்தப் பதினாறு பக்கத்தையும் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டுவரச் சொல்லி உள்ளே செருகிவைத்திருக்கிறேன். ஏ4 தாள், அதனால் புத்தகத்தை மூடினாலும் நாக்கு நீட்டிக்கொண்டிருக்கிறது.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் ஐம்பது ரூபாய்ச் சம்பளத்தில் வேலை கிடைக்கிறது. இருபத்தைந்து வயசு, ஐயர் நிம்மதியாகச் செட்டிலாகிவிட்டார் என்று நினைக்கும்போது, சேலம் இராமசுவாமி முதலியார் அந்த ஊருக்கு முன்சீபாக வருகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, உலா என்று அடுக்குகிறார், அந்த மனிதர் அசையவே இல்லை. சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம்? இல்லை, இல்லை, இல்லை. என்னதான் பணிவாக எழுதியிருந்தாலும் அந்தப் பக்கத்தில் ஐயருக்குப் பட்ட அடி நமக்கும் படுகிறது. அத்தனை வருஷம் ஊர் ஊராக அலைந்து கற்ற கல்வியை ஒருவர் அரை மணி நேரத்தில் ஒன்றுமில்லை என்று ஆக்கிவிட்டால் நானாக இருந்தால் அந்த ஆள் வீட்டுப் பக்கம் போவதை நிறுத்தியிருப்பேன். இவர் அடுத்தமுறை போய்ச் சிந்தாமணிப் பிரதியை வாங்கிவருகிறார்.

வாங்கிவந்தால் புரியவில்லை. முதல் பாட்டே புரியவில்லை. சைவ மடத்தில் படித்த பிராமணர், சமண நூல் புரிய வேண்டுமென்று கும்பகோணத்துச் சமணர் வீடுகளுக்குப் போய் உட்கார்ந்து கேட்கிறார். ஏடு ஏடாக ஒப்பிட்டு, புத்தகம் வந்ததும் வாங்கிக்கொள்கிறோம் என்பவர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் சேர்த்து, காகிதத்துக்குக் கடன் வாங்கி, கல்லூரி விடுமுறையில் சென்னைக்குப் போய்ப் புரூஃப் பார்த்து 1887இல் சிந்தாமணியைக் கொண்டுவருகிறார். 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. ஒன்றை முடித்துவிட்டு மூச்சு வாங்குவார் என்று பார்த்தால் அடுத்த வாரமே வேறொரு ஊரில் வேறொரு பரணில் ஏறிக்கொண்டிருப்பார். கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு இருக்கிறதென்று போகிறார். பழைய ஏட்டைக் கண்ட இடத்தில் போடக் கூடாது என்று சாஸ்திரம் சொன்னதாம், நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்கிறார்கள். கத்தவில்லை, சாபம் விடவில்லை. வருத்தப்படுகிறார், திரும்புகிறார், அடுத்த ஊர். எனக்கு ஒரு பாரம் போனதற்கே மூன்று மின்னஞ்சல் அனுப்பிச் சண்டை போட்டவன் நான்.

இந்த இடத்தில்தான் செர்ரியும் ஐயரும் எனக்குள் கலந்துபோனார்கள். இரண்டு பேரும் தாம் ஏதோ மகத்தான காரியம் செய்வதாகக் காட்டிக்கொள்வதே இல்லை. ஒருவருக்கு அன்றைக்குள் தூங்கும் பைக்குள் எப்படி நுழைவது என்பது பிரச்சினை, இன்னொருவருக்கு இந்த ஊரில் ராத்திரி யார் வீட்டில் சாப்பிடுவது, நாளைக்கு வண்டி கிடைக்குமா என்பது. தன்னம்பிக்கைப் புத்தகக்காரர்கள் இதையெல்லாம் வெட்டிவிட்டுத்தான் கதை சொல்வார்கள்.

குறைகளும் இருக்கின்றன. ஐயர் யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். அவரை எதிர்த்துத் துண்டறிக்கை போட்டவர்களைப் பற்றிக்கூட மழுப்பலாகத்தான் எழுதுகிறார், எனக்கு இன்னும் கொஞ்சம் காரம் வேண்டியிருந்தது. தம்பிரான்கள், ஜமீன்தார்கள், பிரபுக்கள் பெயரெல்லாம் வரிசை வரிசையாக வரும், எல்லாரும் கல்விமான்கள், எல்லாரும் உபகாரிகள். பெண்கள் சுத்தமாக இல்லை என்றே சொல்லலாம். அம்மா வருகிறார், மனைவி கல்யாணத்துக்குப் பிறகு கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறார். இவர் ஏடு தேடி அலைந்த அத்தனை வருஷமும் அந்த வீட்டு அடுப்பு எப்படி எரிந்தது என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. சாதி வித்தியாசமெல்லாம் மழை வெயில் மாதிரி இயல்பாக வந்து போகும், அதையும் தெரிந்துகொண்டுதான் படிக்க வேண்டும்.

மொழியைக் கண்டு பயப்பட வேண்டாம். பெரிய வித்துவான் எழுதினது, கடினமாக இருக்கும் என்று நானும் பத்து வருஷம் தள்ளிப்போட்டேன். ஆனந்த விகடனில் 1940 ஜனவரியிலிருந்து தொடராக வந்தது இது, வாராவாரம் சாதாரண ஜனங்கள் படித்தது. ஒவ்வொரு அத்தியாயமும் நாலைந்து பக்கம்தான். தினம் மூன்று படித்தால் ஒன்றரை மாதத்தில் முடிந்துவிடும், எனக்கு அதற்குச் சரியாகக் கால அவகாசமும் இருந்தது. வாங்குவதாக இருந்தால், நேரில் கடைக்குப் போய்ப் பக்க எண்ணைப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கொஞ்சம் கூடக் கொடுத்து நல்ல கட்டுமானம் உள்ள பதிப்பாக வாங்குங்கள், அல்லது இணையத்திலேயே படியுங்கள். கலாநிதி யாரிடமாவது இரவல் கிடைக்கும். செர்ரி ராத்திரிக்கு மட்டும்.

ஏழாவது வாரம் 122ஆம் அத்தியாயத்துக்கு வந்துவிட்டேன். மணிமேகலை வந்தாகிவிட்டது, பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியப்போகிறது. இனிமேல்தானே இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். 1903இல் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போக வேண்டும், மகாமகோபாத்தியாய பட்டம் வாங்க வேண்டும், பதிற்றுப்பத்து, பரிபாடல், குறுந்தொகை எல்லாம் வர வேண்டும், 1937இல் காந்தி முன்னால் பேச வேண்டும். பக்கத்தைத் திருப்பினேன். பதிப்பகத்தாரின் மற்ற வெளியீடுகள் என்று விலைப்பட்டியல்.

மறுபடியும் பாரத்தை விட்டுவிட்டார்கள் என்று எனக்கு ஏறிய கோபம் கொஞ்சநஞ்சமில்லை. போனை எடுத்து இணையப் பிரதியைத் திறந்து கடைசிக்குப் போனேன். அதிலும் 122தான். இன்னொரு தளத்தில் பார்த்தேன், அங்கேயும் அதே வரியோடு நிற்கிறது. அப்புறம்தான் தேதியைக் கூட்டிப் பார்த்தேன். யுத்தம், குண்டு விழும் என்று சென்னையே காலியாகிக்கொண்டிருந்த நேரம், 87 வயசில் ஏடுகளையும் மூட்டை கட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றத்துக்குப் போயிருக்கிறார். 1942 ஏப்ரல் 28இல் அங்கேயே போய்விட்டார். மீதிக் கதையை மாணவர் கி.வா.ஜகந்நாதன் 'என் ஆசிரியப்பிரான்' என்று பின்னால் எழுதினார், அதைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தடவை பைண்டர் மேல் தப்பில்லை.